காளவாசல் முனையில் என் மகள் தகுதி பெற்ற கதை

1

இரண்டாவது இடம் வந்தால் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். மதுரையில் நான் படித்த பள்ளியின் கபடி அணி மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்து மாவட்டத்துக்குப் போனது. மாவட்டத்திலும் இரண்டாவதாக வந்து இன்னும் மேலே போனது. கோப்பை கிடைக்காவிட்டாலும் பஸ் கிடைக்கும் என்பதே நான் கற்ற விளையாட்டுச் சட்டம். மாற்று ஆட்டக்காரன் என்ற பெயரில், ஒருமுறைகூடக் களத்தில் கால் வைக்காமல் நானும் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

இதை அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஒரு கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியில் பனி படிகிறது. ஹீட்டரைப் போட்டால் தூக்கம் வருகிறது, அணைத்தால் விரல் மரத்துப்போகிறது. எதிரே தெரியும் செங்கல் கட்டடத்துக்குள் என் மகள் கயல் தன் கல்லூரி அணியோடு வினாடி வினா ஆடிக்கொண்டிருக்கிறாள். தேசியப் போட்டிக்கான தகுதிச் சுற்று. வேன் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் எனக்கு அழைப்பு வந்தது. இறங்கும்போது கயல் சொன்னாள்:

"அப்பா, நீ உள்ள வராத. வண்டியிலயே இரு. யாருக்கும் போன் பண்ணாத. முக்கியமா உன் ஊருக்கு."

'உன் ஊர்' என்பது மதுரை. சின்னப் பிள்ளையில் அது 'நம்ம ஊரு'. எந்த வகுப்பில் மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

சென்ற ஆண்டு இதே சுற்று நடந்தபோது நான் அந்த ஊரில்தான் இருந்தேன். இந்த உத்தரவு ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகள்.

2

போனது பட்டா மாறுதலுக்காக. நாகமலைக்கு மேற்கே அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம். என் கையெழுத்து வேண்டும் என்று வரச் சொல்லிவிட்டு, நான் போய் நின்றதும் அதிகாரி விடுப்பில் போய்விட்டார். "நாளைக்கு வாங்க" என்பார் எழுத்தர். வெளிநாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் நன்றி சொல்வேன். "நாளைக்கு வாங்க" என்றதற்கும் "தேங்க்யூ" என்றேன். மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள் எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி, "என்ன சார், நக்கலா?" என்றார். அதற்கும் தேங்க்யூ என்று வந்துவிட்டது. அதன்பிறகு என் கோப்பு இருந்த இடத்தைவிட்டு அசைந்த மாதிரி தெரியவில்லை. ஊர் திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கோச்சடையில் தங்கை தனத்தின் வீட்டில் கிடந்தேன்.

தனத்தின் கணவர் செல்வம் காளவாசலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்ள. தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தால் அது வீட்டுக்குள் கொள்ளாது, ரோட்டுக்கு வந்தே தீரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கயலிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: இரண்டாவது வந்தோம். அவ்வளவுதான். வழக்கமாக எதற்கெடுத்தாலும் பொம்மை முகங்களாக அனுப்புகிற பிள்ளை. இந்த வரிக்குப் பின்னால் எதுவும் இல்லை. மூளையுள்ள தகப்பன் அந்த வெறுமையைப் பார்த்திருப்பான். நான் சத்தமாக வாசித்தேன்.

"எதுல மச்சான் ரெண்டாவது?" என்றார் செல்வம்.

"காலேஜ் பிள்ளைகளுக்கு நடத்துற க்விஸ் மாப்ள. ஏழெட்டு மாநிலத்துக் காலேஜு ஒரு மண்டலம்."

"ஏழெட்டு மாநிலமா? அதுக்கு மேல என்ன?"

"அதுக்கு மேல நேஷனல்தான்."

"அப்ப நம்ம கயலு நேஷனலுக்குப் போறா?"

வாயில் தோசை இருந்தது. தலையை ஆட்டினேன்.

3

செவ்வாய்க்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போகும் வழியில், காளவாசல் சிக்னலில் ஆட்டோ நின்றது. நிமிர்ந்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு என் மகள் நின்றாள்.

கயல் முந்தைய முறை ஊருக்கு வந்தபோது, தனத்தின் வற்புறுத்தலுக்காகப் பாவாடை தாவணி கட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்த படம். சுளிப்பை அழித்து முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். 'அமெரிக்க தேசிய அறிவுப் போட்டிக்குத் தகுதி பெற்ற எங்கள் குலவிளக்கே, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' பத்தொன்பது வயதுப் பிள்ளையை வணங்குகிறவர்களின் படங்கள் கீழே வரிசையாக இருந்தன: பெயிண்ட் கடை நண்பர்கள், நடைப்பயிற்சி நண்பர்கள், யாரென்று செல்வத்துக்கே தெரியாத இருவர். வலது ஓரத்தில் செல்வம் கைகூப்பி, கயலைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. இடது ஓரத்தில் கோட்டுப் போட்டு நான்.

ஆட்டோக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச பிள்ளையப் பெத்தவன் குடுத்து வச்சவன்ணே" என்றவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"அந்தக் கோட்டுப் போட்டவரு ஒங்க சாடையா இருக்காரே?"

"அப்படியா? பழக்கமில்லண்ணே" என்றேன்.

உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளை கஷ்டப்பட்டு ஜெயித்திருக்கிறாள், நாலு பேர் பார்த்தால் என்ன என்று அலுவலகம் போய்ச்சேரும்வரை நினைத்தேன். எழுத்தர் "நாளைக்கு வாங்க" என்று சொன்னபோதுகூடச் சிரித்தேன். கைபேசி அடித்தது. கயல்.

"அப்பா, தனம் அத்தை ஸ்டேட்டஸ்ல ஒரு படம் வச்சிருக்காங்க. நான் பஸ் மேல நிக்கிறேன்."

"பஸ் மேல இல்லம்மா, பஸ் ஸ்டாப் மேல."

"என்ன எழுதியிருக்கு? எனக்கு வேகமா வாசிக்க வரல."

வாசித்துக் காட்டினேன். குலவிளக்கை விட்டுவிட்டு வாசித்தேன். 

"நாங்க இன்னும் குவாலிஃபை ஆகலப்பா."

"ரெண்டாவது வந்தீங்களேம்மா?"

"ரெண்டாவது வந்தா ரெண்டாவது. அம்புட்டுத்தான்." என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்ட ஒரே மதுரைச் சொல் அது. "ஜெயிச்ச டீம் மட்டும்தான் நேராப் போகும். மத்தவங்களுக்கு லிஸ்ட் வரணும். யாருகிட்டக் கேட்டு இத வச்ச?"

"நான் வைக்கல. மாமா வச்சாரு."

"மாமாகிட்ட யாரு சொன்னா?"

தோசை என்று சொல்ல முடியாது. லைன் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.

4

அன்றிலிருந்து நான் கோச்சடையில் சிறை. தாலுகா அலுவலகம், வங்கி, மருந்துக் கடை, எங்கே போவதானாலும் காளவாசலைத் தாண்டியாக வேண்டும். சுற்றுவழி உண்டுதான். ஆனால் கோச்சடையிலிருந்து அந்த வழியில் ஏன் போகிறாய் என்று ஆட்டோக்காரருக்கு விளக்க வேண்டும். எனக்கே விளங்காததை அவருக்கு எங்கே விளக்குவது? பால் வாங்கப் போனால் வாழ்த்து. முடி வெட்டப் போனால் வாழ்த்து. "நேஷனல் எப்பண்ணே? டிவியில காட்டுவாகளா?" எல்லோருக்கும் சிரிப்பையே பதிலாகக் கொடுத்ததில் தாடை வலித்தது.

ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். காரணம் சொல்லத் தைரியமில்லை. "பிள்ளைக்குக் கூச்சமா இருக்காம் மாப்ள, எடுத்துருவமே" என்றேன்.

செல்வம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளிநாட்டுல இருந்து ஒங்களுக்கு ஊரு வெவரமே மறந்துபோச்சு மச்சான். வயசுப் பிள்ளை படத்தத் திடீர்னு எறக்கிட்டு வெறுஞ் சட்டத்த நிப்பாட்டுனா என்ன நெனப்பாக? அடுத்து அதே சட்டத்துல கண்ணீர் அஞ்சலி வரப்போகுதும்பாக. சாயங்காலத்துக்குள்ள மாலையோட வீட்டுக்கு வந்துருவாக. தேவையா?"

தேவையில்லைதான். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் மாறி மாறி ஏறுகிற சட்டம் அது. அதில் ஏறிய பிள்ளை அதற்குரிய நாள் முடியாமல் இறங்க முடியாது.

இதற்குள் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு செல்வத்தைப் பிடித்துவிட்டார். பிள்ளைகளிடம் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: 'அமெரிக்க தேசிய வினாடி வினாவுக்குத் தகுதி பெறுவது எப்படி?'

"ஒத்துக்கிட்டேன் மச்சான்" என்றார் செல்வம். "வெள்ளிக்கிழமை."

5

கயல் இந்த ஆட்டத்தைப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறாள். சனிக்கிழமைகளில் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், கூட்டி வந்திருக்கிறேன். "நல்லா ஆடுனியா?" "ம்." எங்கள் உரையாடல் அத்தனைதான். வாய்ப்பாட்டைக்கூட நான் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, என்ன ஆடுகிறாள், எப்படி ஆடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதே மதுரையில், கொசுவர்த்தி நெடியில், அந்தத் தலைப்பைக் கேட்டபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலை நானே அழைத்தேன். பள்ளிக்கூட விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்துவாள் என்று கைபேசியைத் தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை.

"உனக்கு ரூல்ஸே தெரியாதேப்பா."

"அதான் கேக்குறேன். சொல்லு."

சொன்னாள். தமிழில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்கு வழுக்கி, நான் "ம்?" என்றதும் மறுபடி ஏறி வந்து சொன்னாள். கேள்வி என்பது ஒரு பத்தி நீளம். முதல் வாக்கியத்தில் மகா கடினமான குறிப்பு. போகப் போக எளிதாகும். பதில் தெரிந்தவர் எந்த இடத்திலும் பஸரை அழுத்தி வாசிப்பை நிறுத்தலாம். சரியாகச் சொன்னால் புள்ளி, மேற்கொண்டு அந்த அணிக்கு மட்டும் கூடுதல் கேள்விகள். அவசரப்பட்டுத் தவறாகச் சொன்னால் புள்ளி போகும். எதிரணி மிச்சக் குறிப்பையும் நிதானமாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாம்.

நாட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லா மண்டலத்திலும் அதே கேள்விகள். மண்டலத்தில் முதலிடம் வந்தால் நேரே தேசியப் போட்டி. மற்ற எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டுக் கணக்கிடுவார்கள்: எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாய், கூடுதல் கேள்விகளில் எவ்வளவு எடுத்தாய், யாரோடு மோதினாய். பலசாலிகளோடு மோதி வாங்கிய புள்ளிக்கு மதிப்பு அதிகம். ஒரு மண்டலத்தில் இரண்டாவது வந்தவர் வெளியே நிற்கலாம். இன்னொன்றில் நான்காவது வந்தவர் உள்ளே போகலாம். இடம் நிரம்பியதும் மிச்சம் காத்திருப்புப் பட்டியல். முன்னே இருப்பவர் யாராவது வர முடியாது என்றால்தான் பின்னால் இருப்பவருக்கு அழைப்பு.

"அப்ப நீங்க ஃபைனல்ல தோத்ததாலதான் இந்த லிஸ்ட்டு, கிஸ்ட்டு எல்லாமா?"

"நான் தோத்ததால." குரல் சின்னதாகிவிட்டது. "கடைசிக் கேள்விப்பா. முதல் வரியிலயே அழுத்திட்டேன். ஒரு பொம்பள விஞ்ஞானி. நான் வேற ஆளுன்னு நெனச்சேன். அவங்க மிச்சத்தக் கேட்டுட்டு ஈஸியா சொல்லிட்டாங்க. ரேச்சலுக்கு அது தெரியும். நான் சும்மா இருந்திருந்தா அவ சொல்லியிருப்பா."

ரேச்சல் அணித் தலைவி. அதுதான் அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம்.

"அவ இதுவரைக்கும் நேஷனல் போனதே இல்லப்பா. இதான் லாஸ்ட் சான்ஸ். லிஸ்ட்ல வரலைன்னா என்னாலதான். நீ பாட்டுக்கு அங்க போர்டு வச்சிருக்க."

நான் ஜோக் அடித்தே பிழைப்பு ஓட்டுகிறவன். விமானம் ஆடினால் ஜோக், வேலை போனால் ஜோக். அன்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

6

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் வந்தது. கயலின் செய்தி இரண்டே சொல்: காத்திருப்பு, முதலாவது.

உள்ளே போனவர்களில் யாராவது ஒருவர் விலகினால் போதும். விலகாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு கே.கே. நகர் பள்ளி மேடையில் ஏறினேன். பொன்னாடை போர்த்தினார்கள். வியர்வையில் அது சட்டையோடு ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையில் செல்வம் கைபேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தாளாளர், தேசியப் போட்டிக்குத் தேர்வான மாணவியின் தந்தை என்று அறிமுகப்படுத்தினார். தப்பித்து ஓட வாசல் தேடினேன். அங்கே உடற்பயிற்சி ஆசிரியர் நின்றார்.

கரும்பலகையில் மண்டலங்களை வரைந்து, கயல் சொன்னதையெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடவில்லை. முடித்து நழுவப் பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"சார், ஒங்க மக ஜெயிச்சுப் போறாங்களா, லிஸ்ட்டுல போறாங்களா?"

ஜெயித்து என்றால் பொய். லிஸ்ட்டில் என்றால் பாதிப் பொய். அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வாயில் அன்று தோசை இல்லாததுதான் பிரச்சினை.

"ரெண்டும் இல்லம்மா" என்றேன். "இன்னும் தகுதி பெறல. காத்திருப்புப் பட்டியல்ல மொத ஆளா நிக்கிறாங்க. ஃபைனல்ல என் மக அவசரப்பட்டு அழுத்தித் தோத்துட்டா. அவளக் கேக்காம அவசரப்பட்டுத் தலைய ஆட்டுனது நான்."

 தாளாளர் கைக்குட்டையை எடுத்தார். அந்தப் பிள்ளை உட்காரவில்லை.

"அப்ப யாராவது வரக் கூடாதுன்னு சாமி கும்பிடணுமா சார்?"

"நான் காலையிலருந்து அதத்தாம்மா செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் படம் பிடிப்பதை நிறுத்தவும் இல்லை.

7

திரும்பும்போது செல்வத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"நீங்க ஃப்ளெக்ஸ் வச்சுட்டீங்களே மாப்ள."

"நீங்க தலைய ஆட்டுனீங்களே."

 ஒரு சிக்னல் தாண்டியதும் முதுகு நிமிர்ந்தது.

"வெயிட்டிங் லிஸ்ட்டுல மொத நம்பருதான? அது கன்ஃபார்ம் ஆயிரும் மச்சான். ரயில்லயே ஆகுதுல்ல. நம்ம கவுன்சிலர்கிட்டச் சொல்லி எமர்ஜென்சி கோட்டா மாதிரி ஒரு லெட்டர் வாங்குவமா?"

"அங்க கோட்டா எல்லாம் இல்ல மாப்ள. மண்டலப் போட்டிய எடுத்து நடத்திக்குடுக்குற காலேஜுக்கு மட்டும் ஒரு எடம் குடுப்பாங்கன்னு கயலு சொன்னா."

பைக்கை ஓரங்கட்டியே விட்டார். "இத மொதல்ல சொல்லணும்ல. நம்மளே நடத்தியிருக்கலாமே. மண்டபம், சாப்பாடு, மைக் செட்டு, எல்லாம் நான் பாத்துருப்பேனே."

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆள் அனுப்பினால் அமெரிக்காவிலும் பந்தல் போட்டுவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் எடுத்த வீடியோவை அன்றே கயலுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை அவள் அழைத்தாள்.

"பாத்தேன்ப்பா. ரூல்ஸ் எல்லாம் கரெக்டா சொல்லியிருக்க."

"தேங்க்யூ."

"ஒண்ணு தப்பு. நான் அழுத்தித் தோத்தேன்னு சொல்லியிருக்க. ரேச்சலுக்கு நீ பேசுனத இங்கிலீஷ்ல சொன்னேன். அவ சொல்றா, தோத்தது டீமாம். அந்த மேட்ச்ல அவளும் ரெண்டு தடவ தப்பா அழுத்துனாளாம். திருத்தச் சொன்னா."

"மறுபடி மேடை கெடைக்காதேம்மா."

"பரவால்ல. எழுதிரு."

எழுதிவிட்டேன். அன்று தோற்றது அணி.

அதற்கப்புறம் காத்திருந்தோம். அவள் அங்கே, நான் கோச்சடையில், செல்வம் கடையில். வராத அழைப்புக்காக மூன்று பேரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அதிகாரி விடுப்பு முடிந்து வந்தார், கையெழுத்துப் போட்டேன், விமானம் ஏறினேன். அப்போதும் அழைப்பு வரவில்லை.

யாரும் விலகவில்லை. கயலின் அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ரேச்சல் தேசியப் போட்டியில் ஆடாமலே படிப்பை முடித்தாள். அந்தப் போட்டிக்குப் புள்ளி எழுத ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்; கயலும் ரேச்சலும் சேர்ந்து போய், ஆளுக்கு ஒரு அறையில் உட்கார்ந்து, இரண்டு நாளும் மற்றவர்களின் புள்ளியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.